சின்னவன் பாத்திரம் கழுவிய வாரம்

திங்கட்கிழமை காலை சர்வோக்கா சமையலறைக்குள் நுழைந்தாள். முந்தைய நாள் போட்டது போட்டபடி விட்டுப் படுத்த பாத்திரங்கள் அத்தனையும் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. அடிப்பிடித்த குக்கர்கூட முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளத்தது. வேறு வீடாக இருந்தால் பெண்கள் சந்தோஷப்பட்டிருப்பார்கள். சர்வோக்கா என்ன உடைந்திருக்கிறது என்று சுற்றிலும் தேடினாள்.

கழுவியது அவள் கொழுந்தன். வீட்டில் அவனுக்குப் பெயர் சின்னவன். சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டுபோய் வைப்பதே பெரிய உபகாரம் என்று நினைக்கிற ஜாதி. ஆனால் ஏதாவது தப்புச் செய்துவிட்டால் மட்டும் அவனுக்குக் கை கால் துறுதுறுக்கும். ஸ்கூட்டர் கண்ணாடியை உடைத்த அன்று யாரும் கேட்காமலே மாடியைப் பெருக்கினான். பரீட்சையில் கோட்டை விட்ட வருஷம் அலமாரியில் இருந்த துணியெல்லாம் நிறவாரியாக அடுக்கப்பட்டிருந்தது. அவன் வேலை செய்தால் வில்லங்கம் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

"என்னடா உடைச்ச?" என்றாள்.

"ஒண்ணும் உடைக்கல அண்ணி."

"குக்கர் வேற மாதிரி சொல்லுதே."

சின்னவன் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றான். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "பட்டறையில மூணாம் நம்பர் மெஷின் போச்சு. நான் இடிச்சிட்டேன்னு முதலாளி சொல்றார். சத்தியமா நான் இடிக்கல. விஷயம் தெரியற வரைக்கும் வராதேன்னுட்டார். பாக்கறதுக்கு ஆளக் கூப்பிட்டிருக்காராம்."

"யாரை?"

"உங்களத்தான்."

அப்போதுதான் அவள் கைப்பேசி அடித்தது.

சர்வோக்காவுக்கு வீட்டில் வேறு பெயர் இருந்தது. அதைக் கூப்பிடுகிறவர்கள் குறைந்து குறைந்து, இப்போது மின்கட்டணச் சீட்டில் மட்டும்தான் அது இருக்கிறது. கம்ப்யூட்டர் சொல்படி உலோகம் வெட்டுகிற சிஎன்சி மில்லிங் மெஷினில் ஒவ்வொரு திசைக்கும் ஒரு மோட்டார் உண்டு. சொன்ன இடத்துக்கு, சொன்ன வேகத்தில், தலைமுடி அளவுகூடப் பிசகாமல் போய் நிற்பது அதன் வேலை. அதற்கு சர்வோ மோட்டார் என்று பெயர். அது நின்றுபோனால் பழுது பார்ப்பது இவள் வேலை. அதனால் சர்வோக்கா.

வேலைக்குச் சேர்ந்தபோது அவள் ஸ்பானரைத் தொட்டதில்லை. மெஷின் விற்கிற கம்பெனி ஒன்றில் புகார் போனை எடுக்கும் பெண்ணாகத்தான் இருந்தாள். காலையிலிருந்து மாலை வரை புலம்பல் கேட்பதுதான் உத்தியோகம். எந்த அலாரத்துக்கு எந்த இன்ஜினியர் என்ன பதில் சொல்கிறார் என்று கேட்டுக் கேட்டு, ஒருநாள் இன்ஜினியர் லைனுக்கு வருவதற்குள் இவளே பதில் சொல்லிவிட்டாள். அந்த மெஷினும் ஓட ஆரம்பித்துவிட்டது. அதன்பிறகு மாலை வகுப்பில் டிப்ளமா, ஊர் ஊராக சர்வீஸ், கல்யாணம், கடைசியில் சொந்தமாக ஒரு சிறிய அறையும் அதில் ஒரு மேஜையும். போன் வேலையிலிருந்து ஒரு பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டது. யார் கூப்பிட்டாலும் முதல் கேள்வி, "கடைசியா என்ன மாத்தினீங்க?" யாராக இருந்தாலும் ஒரே பதில்தான் வரும். "ஒண்ணும் மாத்தல."

அன்றும் அதே பதில்தான் வந்தது.

"மெஷின்ல கை வைக்கவே இல்ல சர்வோக்கா," என்றார் முதலாளி போனில். "தலை ஏறி இறங்கற மோட்டார்ல ஓவர்லோடு அலாரம். ஒரு வாரமா வருது. காலை ஷிப்ட்ல தாடி ஓட்டறான், சமத்தா ஓடுது. மத்தியானம் உங்க ஆள் கைக்குப் போனா அலாரம். வைஸ்ல ஒரு வெட்டுத் தழும்பு வேற இருக்கு. நேரா சொல்றேன், உங்க வீட்டுப் பையன்னு பாக்காம பாத்துச் சொல்லணும். இடிச்சிருந்தான்னா அவன நான் வெச்சிக்க முடியாது. இடிச்சதுக்காக இல்ல, மறைச்சதுக்காக."

போனை வைத்ததும், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற அவள் கணவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வாசலில் நின்று சொன்னான். "நீ போகாத. வேற யாராவது பாக்கட்டும். அவன்தான்னு உன் வாயால வந்துச்சுன்னா, அப்புறம் இந்த வீட்ல யாரு மூஞ்சிய யாரு பாக்கறது?"

"வேற யாராவது வந்தா பாக்காமலே அவன்தான்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க."

"அவன் இடிச்சிருப்பான்னு நினைக்கிறியா?"

அவள் குக்கரைப் பார்த்தாள். பையை எடுத்துக்கொண்டாள்.

பட்டறை நீளமான தகரக்கூரைக் கட்டடம். பம்புக்கான அலுமினிய உறைகள் வெட்டும் நான்கு மெஷின்கள் வரிசையாக நின்றன. மூன்றாவது மட்டும் வாயை மூடிக்கொண்டு கிடந்தது. காலை ஷிப்ட் ஓட்டுகிற தாடி அதன்மேல் சாய்ந்து நின்றான். மெலிந்த முகம், அதில் பாதிக்குமேல் தாடி. சின்னவன்மேல் அவனுக்குப் பிரியம்தான். ஆனாலும் பழி தன் பக்கம் திரும்பவில்லை என்ற நிம்மதி அந்தத் தாடியையும் மீறித் தெரிந்தது.

மெஷினின் தலை கனமானது. மோட்டாரைக் கழற்றினால் தாங்க ஆளில்லாமல் பொத்தென்று இறங்கிவிடும். அதனால் எதைத் தொடுவதற்கு முன்னாலும் தலைக்கடியில் ஒரு மரக்கட்டையை நிறுத்தச் சொல்வாள் சர்வோக்கா.

"கட்டை வெச்சாச்சா?"

"வெச்சாச்சுக்கா. நீங்க வீட்ல பரண்லேர்ந்து டப்பா எடுக்கறப்பகூட கட்டை வெப்பீங்கன்னு சின்னவன் சொன்னான்."

"அவன் தலையில விழுந்த டப்பாவுக்கு அப்புறம்தான் வெக்க ஆரம்பிச்சேன்."

வெட்டுகிற துண்டை இறுக்கிப் பிடிக்கும் வைஸில் இருந்த தழும்பைப் பார்த்தாள். கத்தி பட்டது உண்மை. ஆனால் எப்போது பட்டது என்று இரும்பு சொல்லுமா? அவளால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. "கேமரா இருக்கே?" என்று மேலே கையைக் காட்டினாள். மெஷினுக்கு நேர்மேலே ஒரு கேமராவும் அதன் பக்கத்தில் தாம்பாளம் அளவு விளக்கு ஒன்றும் தொங்கின.

முதலாளி சங்கடமாகச் சிரித்தார். "மாட்டினதே இந்த மாதிரி விஷயத்துக்குத்தான். படம் இருட்டா இருக்குன்னு பெரிய விளக்காப் போட்டோம். இப்ப விளக்கு கண்ணாடிக் கதவுல பட்டுத் திரும்புது. போட்டுப் பாத்தா வெள்ளவெளேர்னு இருக்கு. ஒருத்தன் உள்ள உக்காந்து சாப்பிட்டாலும் தெரியாது."

சர்வோக்கா மோட்டாரின் மேல்மூடியைக் கழற்றினாள். மோட்டாரின் தண்டையும் தலையை ஏற்றி இறக்கும் திருகுத்தண்டையும் இணைக்கிற கப்ளிங் உள்ளே இருந்தது. கைவிளக்கை அடித்துக் குனிவதற்கு முன் ஒரு கணம் நின்றாள். உள்ளே என்ன இருக்கிறது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

எந்த மோட்டாரை மாட்டினாலும் கடைசியில் கப்ளிங்கின்மேல் ஆரம்பித்துத் தண்டுவரைக்கும் நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்துவிடுவாள். சிவப்பு நகப்பூச்சு. அவள் நகத்தில் ஒருநாளும் பட்டதில்லை, பைக்குள் எப்போதும் ஒரு சீசா இருக்கும். மெஷின் எதிலாவது பலமாக இடித்தால் கப்ளிங் வழுக்கும். வழுக்கினால் கோடு இரண்டாகப் பிரிந்து, பாதி இங்கேயும் பாதி அங்கேயும் நிற்கும். போன வருஷம் இந்த மெஷினில் அவளே இழுத்த கோடு அது. பிரிந்திருந்தால் சின்னவன் கதை அங்கேயே முடிந்தது.

குனிந்தாள். தூசி படிந்திருந்தது. விரலால் துடைத்தாள்.

கோடு ஒரே கோடாக இருந்தது.

அவள் நிமிர்ந்தபோது இடுப்பு வலித்தது. முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

அவர் பார்த்தார். மோசமான மனிதர் இல்லை, கண்ணால் பார்த்ததை இல்லையென்று சொல்லமாட்டார். "சரி, கோடு நேரா இருக்கு. பலமா இடிக்கலன்னு ஒத்துக்கறேன். ஆனா மெஷின் ஓடலையே? ஒரு காரணம் இருக்கணும்ல? அது தெரியாம அவன உள்ள விட்டா, அண்ணி வந்து நகப்பூச்சக் காட்டிக் காப்பாத்திட்டாங்கன்னு நாளைக்குப் பட்டறை பூரா பேசும்."

அது நியாயம்தான். தாடி ஏற்கெனவே வேறு பக்கம் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான்.

சர்வோக்காவுக்கு எப்போதும் முதல் சந்தேகம் கூலண்ட்மேல்தான். வெட்டும்போது சூடு தணிக்கப் பீய்ச்சுகிற அந்தப் பால் நிறத் தண்ணீர் எங்கே சந்து கிடைத்தாலும் நுழையும். மோட்டாரின் பிளக்கைக் கழற்றிப் பார்த்தாள். எலும்புபோலக் காய்ந்து கிடந்தது. ஒயர் மடங்கி மடங்கி உள்ளே அறுந்திருக்கும் என்று ஒவ்வொன்றாக ஆட்டி அசைத்து அளந்தாள். எல்லாம் சரி. மோட்டார் சுருளை அளந்தாள். அதுவும் சரி. காலைப்பொழுது முழுக்க இப்படியே ஓடிவிட்டது. தாடி டீ கொண்டுவந்து வைத்தான், அது ஆடை கட்டி ஆறிப்போனது.

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் மாட்டி, கட்டையை எடுத்துவிட்டு, தலையைச் சும்மா மேலும் கீழும் ஓடவிட்டாள். மோட்டார் எவ்வளவு திணறுகிறது என்று திரையில் லோடு மீட்டர் காட்டும். முதலில் சாதாரணமாகத்தான் இருந்தது. மோட்டாரின் முதுகில் கையை வைத்துக்கொண்டே நின்றாள். அவ்வப்போது ஓட்டத்தை நிறுத்தி மறுபடி ஓட்டினாள். வெயில் தகரக்கூரைமேல் ஏற ஏற, மோட்டாரும் வெதுவெதுப்பிலிருந்து சூட்டுக்குப் போனது. மத்தியானம் தாண்டியது. லோடு மீட்டர் ஏற ஆரம்பித்தது. தலை இறங்கும்போது மெல்லிய உரசல் சத்தம். பிறகு திரையில் சிவப்பாக அலாரம்.

"பாத்தீங்களா, சின்னவன் இல்லாமயே வருது," என்றான் தாடி.

"இப்பவாவது சொன்னியே."

சிவப்புப் பொத்தானை அமுக்கி மெஷினை நிறுத்திவிட்டு, மெஷினின் பின்பக்கம் போய் பேனல் கதவைத் திறந்தாள். உள்ளே ஒயர் எண்களைப் படிக்கக் கண்ணை இடுக்க வேண்டியிருந்தது. கொஞ்ச நேரம் முன்பு இங்கே வெளிச்சமாக இருந்ததே?

"யாரு விளக்க அணைச்சது?" என்று எரிச்சலோடு கத்தினாள்.

"யாரும் அணைக்கலக்கா. அது அப்படித்தான்."

"அப்படித்தான்னா?"

"மெஷின் நின்னா அதுவும் நின்னுடும். மெஷின் ஓடினா தன்னால எரியும். நல்ல ஏற்பாடு."

சர்வோக்கா பேனலுக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்தாள். "சிவப்புப் பொத்தான விடு."

தாடி அதைத் திருகி விட்டான். மெஷின் தயாரானது. மேலே பெரிய விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"அமுக்கு."

இருட்டானது.

"விடு."

எரிந்தது. தாடி விளக்கைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். அவள் உதட்டோரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கோணிக்கொண்டு போனது. "போய் முதலாளியக் கூட்டிட்டு வா," என்றாள்.

முதலாளி சாப்பாட்டுக் கையோடு வந்தார்.

"மெஷின்ல ஒண்ணும் மாத்தலன்னு சொன்னீங்க."

"மாத்தலையே."

"இது?" என்று மேலே காட்டினாள்.

"இது விளக்கு," என்றார் முதலாளி, குழந்தைக்குச் சொல்வதுபோல.

"யாரு மாட்டினது?"

"என் மச்சான்தான். வீட்டு ஒயரிங் எல்லாம் பண்றவர். மெஷின் ஓடாதப்ப விளக்கு வீணா எரிய வேணாம், ஏதாவது பண்ணுங்கன்னு சொன்னேன். போன வாரம்தான் பண்ணிக் குடுத்தார்."

போனில் மச்சானைப் பிடித்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார்கள்.

"மச்சான், அந்த விளக்குக்கு எங்கேருந்து கரண்ட் எடுத்தீங்க?"

"அதுவா, மெஷின் ஓடறப்ப மட்டும் உயிர் வர்ற ஒயர் ஒண்ணு பேனல்ல கிடைச்சுது. தேடிப் பிடிச்சு, அதுக்கேத்த லாரி விளக்கா வாங்கி மாட்டினேன். ஏன், விளக்கு எரியலையா?"

"விளக்கு ரொம்ப நல்லா எரியுதுங்க," என்றாள் சர்வோக்கா.

அவர் தேடிப் பிடித்தது பிரேக்கின் ஒயர்.

தலையை ஏற்றி இறக்குகிற மோட்டாருக்குள்ளேயே ஒரு பிரேக் இருக்கும். மெஷின் நின்றிருக்கும்போது அதுதான் தலை விழாமல் கவ்விப் பிடித்திருக்கும். மெஷின் ஓட ஆரம்பித்ததும் அந்த ஒயரில் மின்சாரம் வரும், சுருள் காந்தமாகி இழுக்கும், பிரேக் விடும். ஒரு சின்ன பிரேக்குக்குப் போதுமான மெல்லிய ஒயர் அது. அதன் வாயிலேயே இவ்வளவு பெரிய விளக்கையும் சொருகினால் பிரேக்குக்கு மிச்சம் மீதிதான் கிடைக்கும். காலைக் குளிர்ச்சியில் அந்த அரைவயிற்றுச் சாப்பாட்டிலேயே பிரேக் எப்படியோ விட்டுவிடும். சூடேறினால் சுருளின் பலம் குறையும். மத்தியானத்துக்குமேல் அது பாதிதான் விடும். பாதி போட்ட பிரேக்கோடு மோட்டார் தலையை இழுத்துக்கொண்டு மல்லுக்கட்டும். கடைசியில் முடியாமல் அலாரம் அடித்து உட்கார்ந்துவிடும்.

மத்தியான ஷிப்ட் சின்னவனுடையது. அவன் செய்த தப்பு அது ஒன்றுதான்.

சர்வோக்கா வாயால் சொல்வதோடு நிற்கவில்லை. மீட்டரைப் பிரேக் ஒயரில் வைத்து முதலாளியிடமே கொடுத்தாள். இருபத்து நாலு வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் பதினேழைக் காட்டியது. விளக்கின் ஒயரை உருவினாள். விளக்கு அணைந்தது, மீட்டர் துள்ளி இருபத்து நாலுக்குப் போனது. மறுபடி சொருகினாள், பதினேழு. உருவினாள், இருபத்து நாலு.

முதலாளி ஒரு மரப்பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் மீட்டரையே பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார்.

"வீட்டு ஆள்னு பாக்காம சொல்லுங்கன்னு காலையில நான்தானே சொன்னேன்?"

"அதான் சொல்லிட்டேன்."

"ஆபரேட்டரக் கண்காணிக்க கேமரா, கேமராவுக்கு விளக்கு, விளக்கால மெஷின் அவுட்டு." சிரிப்பை நிறுத்தினார். "அவன்கிட்ட நானே பேசறேன். இல்ல, போன்ல வேணாம். நாளைக்கு வரச் சொல்லுங்க, நேர்ல பேசறேன். மனசு கஷ்டப்பட்டிருப்பான்."

"பாத்திரமெல்லாம் கழுவிட்டான்," என்றாள் சர்வோக்கா.

அவருக்குப் புரியவில்லை. அவளும் விளக்கவில்லை.

வேலை அதோடு முடியவில்லை. ஒரு வாரம் உரசியதில் பிரேக்கின் தகடு தேய்ந்திருக்கும். கட்டையை மறுபடி நிறுத்தி, மோட்டாரை இறக்கித் தன் அறைக்கு எடுத்துப்போனாள். பின்மூடியைத் திறந்தால் கரி கொட்டியதுபோலக் கறுப்புத் தூள். என்றோ செத்துப்போன இதே வகை மோட்டார் ஒன்று அவள் அலமாரியில் கிடந்தது. அதன் பிரேக் மட்டும் புத்தம் புதிதுபோல இருந்ததால் தூக்கிப் போடாமல் வைத்திருந்தாள். மாற்றுவதில் ஒரே ஒரு கண்டம். தண்டு எவ்வளவு சுற்றுகிறது என்று எண்ணிச் சொல்கிற என்கோடரைக் கழற்றித்தான் பிரேக்கைத் தொட முடியும். அதைத் திரும்ப அதே இடத்தில் மாட்டாவிட்டால் மோட்டார் பேய் பிடித்ததுபோல ஆடும். இரண்டு பக்கமும் நகப்பூச்சால் கோடு இழுத்துவிட்டுத்தான் கழற்றினாள்.

வீட்டுக்குப் போனபோது வாசல் விளக்கை ஏற்றுகிற நேரம். சின்னவன் நாற்காலிமேல் ஏறி மின்விசிறியின் இறக்கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஜன்னல்களும் துடைக்கப்பட்டிருந்தன. கணவன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இறங்குடா," என்றாள். "நீ இடிக்கல."

"அதான் நான் சொன்னேனே," என்றான் சின்னவன். சொல்லிவிட்டு அப்படியே நாற்காலிமேல் உட்கார்ந்துகொண்டான். கையில் துணி இருந்தது. அதால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். மின்விசிறித் தூசி முழுக்க மூக்கில் அப்பிக்கொண்டது. யாரும் சிரிக்கவில்லை.

விளக்கு விவகாரத்தைக் கேட்டு முடித்தபிறகு மெதுவாகக் கேட்டான். "நீங்களும் நான்தான்னு நினைச்சீங்களா அண்ணி?"

பொய் சொல்லியிருக்கலாம். "நினைச்சேன்," என்றாள். "குக்கர அப்படித் தேச்சு வெச்சா யாருடா நம்புவா? தப்புப் பண்ணலன்னா எதுக்குக் கழுவின?"

"பயமா இருந்துச்சு. சும்மா உக்கார முடியல."

அவள் அதை யோசித்துப் பார்த்தாள். இத்தனை வருஷமாக இவன் வேலை செய்கிற அலாரத்துக்கு ஒரே ஒரு காரணம்தான் என்று வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். வெளியில் எந்தப் பட்டறையிலும் அப்படிச் செய்ததில்லை.

"மூஞ்சியக் கழுவு போ," என்றாள். "நாளைக்கு முதலாளி பேசணுமாம். அப்புறம், அந்த விளக்கு மச்சான் வந்தா ஏதும் நக்கல் பண்ணாத."

"நானா?" என்றான் சின்னவன். அவன் குரல் பழையபடி ஆகிவிட்டது. "பல்பு வாங்கின கதைய ஒரே ஒரு தடவைதான் கேப்பேன்."

மோட்டாரை மாட்டிய அன்று மத்தியானம் சர்வோக்கா அங்கேயே இருந்தாள். சின்னவன்தான் ஓட்டினான். கூரை கொதித்தது, மோட்டார் சூடானது, லோடு மீட்டர் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. விளக்குக்குச் சுவரிலிருந்து தனி அடாப்டரும் ஒயரும் வந்திருந்தன. இப்போது அது மெஷின் நின்றாலும் எரிந்தது. முதலாளி வந்து அதை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போனார். கப்ளிங்கில் புதிதாக ஒரு சிவப்புக் கோடு இழுத்து மூடியைப் போட்டாள். "கோடு காயற வரைக்கும் இடிக்காம இரு," என்றாள் சின்னவனிடம். தாடி விழுந்து விழுந்து சிரித்தான்.

மறுநாள் காலை அவள் சமையலறைக்குள் நுழைந்தாள். தொட்டியில் முந்தைய நாள் பாத்திரங்கள் குவிந்து கிடந்தன. எல்லாவற்றுக்கும் மேலே, சாப்பிட்டு அப்படியே காயவிட்ட சின்னவனின் தட்டு. ஒரு ஓரத்தில் நாலு பருக்கை ஒட்டியிருந்தது.

"பாரு உன் தம்பி லட்சணத்த," என்று கணவனைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

கணவன் எட்டிப் பார்த்தான். "எழுப்பட்டுமா அவன?"

"வேணாம், தூங்கட்டும்," என்று சொல்லிவிட்டு, குழாயைத் திறந்து அந்தத் தட்டைத்தான் முதலில் எடுத்தாள்.